தயவு செய்து கரண்டைச் செலவு பண்ணுங்க

கரண்ட் ஆபீஸ் வேலையில், கரண்ட் இருக்கும் வரைக்கும் உங்கள் முகம் யாருக்கும் தெரியாது. அது போய்விட்டால் உங்கள் பாட்டன் பேர் வரைக்கும் ஊருக்கே தெரிந்திருக்கும். நான் இந்த ஏற்காட்டு மலையில் முப்பத்துநாலு வருஷம் கம்பம் ஏறினவன். ரிட்டையர் ஆன பிறகும், குரங்கோடும் பனியோடும் தனியாக உட்கார வேறு ஆள் அகப்படாததால், மலை மேல் இருக்கும் ஒரு சின்ன சப்ஸ்டேஷனில் பகல் டூட்டிக்கு என்னையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். மீட்டரைப் பார்ப்பது, போனை எடுப்பது, திட்டு வாங்குவது, டிரான்ஸ்ஃபார்மரின் படியை ஏற்றி இறக்குவது ஆகிய நாலும் என் பொறுப்பு. படி என்றால் வேறொன்றும் இல்லை. ஒரு படி ஏற்றினால் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், இறக்கினால் இறங்கும். ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைப்பது மாதிரி.

மிக்சி புகைந்தவர்களே, டி.வி. கருகினவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி. அந்தக் காலத்தில் இங்கே வோல்டேஜ் எவ்வளவு குறைச்சல் என்றால், பல்பு எரிகிறதா இல்லையா என்று டார்ச் அடித்துத்தான் பார்ப்போம். ஒரு எஸ்டேட் ரைட்டர் ஊட்டு ஃபேன் இறக்கையில் சிட்டுக்குருவி கூடு கட்டி, முட்டையிட்டுக் குஞ்சும் பொரித்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் சொல்கிறேன். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து பறந்தபோதும் வட்டமாகவே பறந்தன. முழுசாக நம்ப முடியாதவர்கள் பாதியை நம்பினால் போதும்.

இப்போது எல்லாம் தலைகீழ். லாட்ஜ் கூரை, ஸ்கூல் கூரை, பங்களாக் கூரை எங்கே பார்த்தாலும் சோலார் பலகை. வெயில் ஏற ஏற ஒவ்வொரு கூரையும் கரண்டை லைனுக்குள் தள்ளுகிறது. வாரநாள் மத்தியானத்தில் லாட்ஜில் ஈ காக்கை கிடையாது. வீடுகளில் எரிவதோ எல்.இ.டி. பல்பு, அது தின்பது ஒரு எறும்பின் சாப்பாடு. நூறு பேர் தள்ளி, பத்துப் பேர் இழுத்தால் கம்பியில் வோல்டேஜ் ஏறாமல் என்ன செய்யும்? 230-ல் நிற்க வேண்டியது 265-ல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று காலமெல்லாம் கத்தின வாயால் "போடுங்க, போடுங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அதுவும் சும்மாக் கெஞ்சல் இல்லை. மலை மேலேயே இருக்கும் தலைச்சோலை என்கிற ஊரில் என் சிநேகிதன் வெள்ளையன் ஆக்சிஜன் மெஷினில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். 260-ஐத் தாண்டினால் அந்த மெஷின் நின்றுவிடும்.

ரெஜிஸ்டரில் இல்லாத நோய்

எங்கள் புகார் ரெஜிஸ்டரில் நாலு கட்டம் உண்டு. கரண்ட் இல்லை, லோ வோல்டேஜ், கம்பி அறுந்தது, மரம் விழுந்தது. இந்த மலையில் இந்த நாலுக்கு வெளியே யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை. ஒரு நாள் ஹாஸ்டல் வார்டன் ஒருத்தர் போன் பண்ணி, "ஃபேன் ரெண்டாம் நம்பர்லயே பிச்சுக்கிட்டுப் போகுதுங்க, பிள்ளைங்க கீழ படுக்க மாட்டேங்குதுங்க" என்றார். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? யோசித்துப் பார்த்து, 'லோ வோல்டேஜ்' கட்டத்தில் எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் 'இதற்கு நேர் எதிர்' என்று குறிப்புப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வருவதற்குள் எங்கள் லைன்மேன் முருகேசன் ரெஜிஸ்டரைப் பார்த்திருக்கிறான். நல்ல பையன், வேகமான கை, ஆனால் பொடி எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும். லோ வோல்டேஜ் என்று இருக்கிறதே என்று படியை ஒன்று ஏற்றிவிட்டான். அடுத்த அரை மணி நேரத்தில் ஒன்பது போன். ஒன்பதையும் நான் அதே கட்டத்தில் எழுதினேன். அவன் மனசு இளகி இன்னொரு படி ஏற்றக் கையை நீட்டும்போதுதான் பாய்ந்து பிடித்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் ரெஜிஸ்டரை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான்.

"மரம் விழுந்ததுன்னு எழுதியிருந்தீங்கன்னா, ஒரு அரிவாளை எடுத்துட்டுப் போயி பேசாம திரும்பி வந்திருப்பனுங்கண்ணா."

மாலை போட்ட பெட்டி

ஏற்காட்டு பஜாரில் ஒரு லாட்ஜ். மேனேஜர் குமரேசன் சேலத்துக்காரர், நல்ல மனிதர். ஒரே மாதத்தில் நாலு டி.வி. போய்விட்டது என்று கொதித்துக்கொண்டிருந்தார். லைனில் 255 இருந்தது. அதிகம்தான், ஆனால் நாலு டி.வி.யைச் சாப்பிடுகிற அளவு பசி அதற்கு இல்லை. உள்ளே போய் ரூமில் மீட்டரை வைத்துப் பார்த்தால் 290 காட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டே மோப்பம் பார்த்துப் போனேன். அது நேராகச் சாமி அலமாரிக்குள் போய் நின்றது.

அங்கே பிள்ளையாருக்கும் லட்சுமிக்கும் நடுவில், விபூதிப் பட்டை, குங்குமப் பொட்டு, காய்ந்த மாலை சகிதமாக ஒரு பூஸ்டர் பெட்டி உட்கார்ந்திருந்தது. லோ வோல்டேஜ் காலத்தில் வாங்கினது. வருகிற வோல்டேஜை இன்னும் ஏற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை. பதினெட்டு வருஷமாக உச்சத்திலேயே திருகி வைத்திருக்கிறார்கள். "இந்தப் பெட்டிதானுங்க அன்னைக்கு இந்த லாட்ஜைக் காப்பாத்துச்சு. ஆயுத பூஜைக்கு மொத மாலை இதுக்குத்தான்" என்றார் குமரேசன். காப்பாற்றின சாமிதான் இப்போது டி.வி.யைத் தின்கிறது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். அதன் காலம் முடிந்தது, இனி அதற்கு வேலை இல்லை, அணைத்துவிடுங்கள் என்றேன். அவர் பெட்டியைத் தடவிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காலம் முடிஞ்சுதுன்னு அணைச்சுடச் சொல்றீங்க. ஏனுங்க, நீங்க ரிட்டையர் ஆனப்ப ஒங்கள யாராச்சும் அணைச்சாங்களா?"

ஆரஞ்சுச் சுளைக் கணக்கு

வெள்ளையன் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரம் ஏறினவன். என் வயசுதான். நான் கம்பம், அவன் மரம். யார் அதிக உயரம் ஏறினது என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை தீரவில்லை. மரத்துக்கு மேலேயே உட்கார்ந்து பீடி பிடித்துப் பிடித்து, இப்போது ஊட்டுக்குள்ளேயே மூக்கில் குழாயோடு இருக்கிறான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் கட்டில் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும். முதல் மெஷின் ஒரு மத்தியானம் 270-ல் கருகிவிட்டது. இரண்டாவதை ஆஸ்பத்திரியில் இரவலாகத் தரும்போதே, இதுவும் போனால் மூணாவது கிடையாது என்று சொல்லித்தான் தந்தார்கள். அதனால் நடுவில் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தோம். 260-ஐத் தாண்டினால் மெஷினைக் காப்பாற்ற அது டக்கென்று அணைத்துவிடும். மெஷின் பிழைத்துக்கொள்ளும், வெள்ளையன்? அதற்கு ஒரு இன்வெர்ட்டர் பேட்டரி. அது ஒன்றரை மணி நேரம் தாங்கும். வெயிலோ பன்னிரண்டிலிருந்து மூணு வரைக்கும் காய்கிறது. அதற்கு மேல் அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர். அதை நிரப்ப இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய் ஏறி வர வேண்டும்.

இதில் வெட்கக்கேடான விஷயம் ஒன்று உண்டு. அவன் ஊட்டுக்குக் கரண்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மரின் படியை உச்சத்துக்கு ஏற்றி வைத்தவன் நானேதான். பதினஞ்சு வருஷத்துக்கு முன் டி.வி.யில் படம் சுருங்குது என்று வெள்ளையன் கேட்டான், ஒரு கூடை கமலா ஆரஞ்சும் கொடுத்தான், ஏற்றிவிட்டேன். எங்கள் அசிஸ்டெண்ட் இன்ஜினியர் நித்யா மேடம் வந்து பார்த்து, என்னை முறைத்து, ஒரு படி இறக்க வைத்தார். அதற்கு மேல் இறக்கவும் முடியாது. சாயங்காலம் ஊரெல்லாம் கீசரும் கிரைண்டரும் ஓடும்போது வோல்டேஜ் தரைக்கு வந்து, மெஷின் அப்போதும் நிற்கும். நேரத்துக்குத் தக்கபடி தானாக ஏற்றி இறக்கும் கருவி ஒன்றுக்கு மேடம் எழுதிப் போட்டிருக்கிறார். அது வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது.

இத்தனையையும் வெள்ளையனிடம் விளக்கிச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, மூக்குக் குழாயைச் சரிப்படுத்திக்கொண்டான்.

"அப்ப நீ தின்ன ஆரஞ்சை எல்லாம் திருப்பிக் குடு லைன்மேனு. சுளைக்கு ஒரு வோல்ட்டு கொறையுதான்னு பார்க்கலாம்."

ஓடிபி கேட்காத போன்

நித்யா மேடம் சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஏறி வருகிறவர். என் பேத்தி வயசு, என்னைவிட நாலு மடங்கு படிப்பு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஐயா, தலைச்சோலையில பன்னெண்டுலேர்ந்து மூணு வரைக்கும் யாராவது கொஞ்சம் கரண்டை இழுத்தா போதும், 260-க்குக் கீழ வந்துரும்" என்றார். இழுப்பவர்களைத் தேடுவது என் தலையில் விழுந்தது. லிஸ்டை வைத்துக்கொண்டு போன் போட ஆரம்பித்தேன். "ஏனுங்க, கரண்ட் ஆபீஸ்லருந்து பேசறனுங்க. மத்தியானத்துல கொஞ்சம் கீசர் போட்டு வெய்யுங்க."

முதல் ஆள் கட் பண்ணிவிட்டார். இரண்டாவது ஆள், "அடுத்தாப்ல ஓடிபி வருமுங்களா?" என்று கேட்டுவிட்டுக் கட் பண்ணினார். மூணாவது ஆள் ரிட்டையர்டு வாத்தியார். எழுத்து மூலமாகக் கேட்டால் எழுத்து மூலமாக மறுப்பதாகச் சொன்னார். மனசு இரங்கிப் போட்டவர்கள் மொத்தம் மூணு வீடு. அந்த வாரம் தலைச்சோலையில் வெந்நீரில் குளித்த மாடுகள் நாலு. அதில் ஒரு காராம்பசு இப்போது பச்சைத் தண்ணீரைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ஆனால் கீசரின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் சூடானதும் இருபது நிமிஷத்தில் தானே நின்றுவிடும். மூணு மணி நேரத்துக்கு எத்தனை மாட்டைக் குளிப்பாட்டுவது?

கடைசியாக ஹோம்ஸ்டே நடத்தும் சரோஜா அம்மாவுக்குப் போட்டேன். பத்து ரூம், பத்து கீசர். விஷயத்தை முழுசாகச் சொல்லி முடித்தேன்.

"ஒரு பல்பு சேர்த்து எரிஞ்சா ஏணி போட்டு ஏறி எட்டிப் பார்த்த மனுசன் நீங்க. இன்னைக்கு ஆளில்லாத ரூமுக்கு வெந்நி வெக்கச் சொல்றீங்க. ஊட்டுல யாராச்சும் இருந்தா போனை அவங்ககிட்டக் குடுங்க."

சூரியனுக்கு லெட்டர்

இழுப்பவன் கிடைக்காவிட்டால் தள்ளுகிறவனையாவது நிறுத்தலாம் என்று, தலைச்சோலைக்கு மேலே இருக்கும் ஒரு ரிசார்ட்டுக்கு நானும் மேடமும் போனோம். அங்கே கூரை தெரியாத அளவுக்குச் சோலார் பலகை. மேனேஜர் டை கட்டின இளவட்டம். எங்களுக்கு லெமன் டீ கொடுத்து, முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார், அவரைக் கேட்காமல் ஒரு பலகையைக்கூடத் தொட முடியாது என்றான். மேடம் பக்கத்தில் ஒருவர் மெஷினில் மூச்சு விடுவதைச் சொன்னார். அந்தப் பையன் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. முதலாளிக்கு உடனே மெயில் போட்டான். பதில் இன்னும் வரவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பாதிப் பலகை மேல ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடிட்டா என்னங்க தம்பி? காத்துல பறந்து வந்து விழுந்துதுன்னு சொல்லிக்கலாம்" என்று என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். மேடம் டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார். அந்தப் பையன் மட்டும் மரியாதை குறையாமல் பதில் சொன்னான்.

"சூரியன் சும்மா குடுக்கறதைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்றீங்க சார். அடுத்து பௌர்ணமிக்கு நெலாவுக்கும் ஒரு லெட்டர் அனுப்புவீங்களாட்டம் இருக்குது."

நாலு மணி மோட்டார்

மூணு மணி நேரம் விடாமல் கரண்டை இழுக்க ஒரே சாமான்தான் உண்டு. போர்வெல் மோட்டார். வெள்ளையன் ஊட்டுக்கு அடுத்த காடு காளியப்பனுடையது. காபி, மிளகு, பெரிய தண்ணீர்த் தொட்டி, ஏழரை எச்.பி. மோட்டார், எல்லாம் அதே டிரான்ஸ்ஃபார்மரில். ஆனால் அவர் மோட்டார் போடுவது விடிகாலை நாலு மணிக்கு. அவர் மட்டும் இல்லை, இந்த மலையில் பாதிப் பேர் அப்படித்தான். ஒரு காலத்தில் ஊர் தூங்கும் அந்த நேரத்தில்தான் மோட்டார் சுற்றுகிற அளவு வோல்டேஜ் வரும். இப்போது எந்த நேரத்திலும் சுற்றும். ஆனாலும் அலாரம் வைத்து எழுந்து, பனியில் நடுங்கிக்கொண்டு போய் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து படுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், அப்பத்தான் வோல்டேஜ் இருக்கும் என்கிறார்கள்.

சரி, நேரத்தை மாற்றச் சொல்லலாம் என்றால் அங்கேயும் ஒரு முள். காளியப்பனும் வெள்ளையனும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. வேலியில் ஒரு பலாமரம். அடி இந்தப் பக்கம், காய் அந்தப் பக்கம். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளையனிடம், "ஒரு வார்த்தை அவர்கிட்டக் கேளேன்பா" என்றேன். "அவன் மோட்டார் ஓடி எனக்கு மூச்சு வரணும்னா, வந்த மூச்சை அப்பவே திருப்பி உட்டுடுவேன்" என்றான். அவன் செய்யக்கூடியவன்தான். ஒருமுறை கோபத்தில் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, உதடு நீலம் பாய்ந்த பிறகுதான் மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

நேர்வழி அடைத்திருந்ததால் எனக்குப் பழக்கமான வழியில் போனேன். மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்த காளியப்பனிடம், "ஒரு ஒதவி பண்ணணுமுங்க. தவறிக்கூட மத்தியானத்துல மோட்டார் போட்டுறாதீங்க. பன்னெண்டுலருந்து மூணு வரைக்கும் வெள்ளையன் தூங்கற நேரமாம். ஒங்க மோட்டார் சத்தம் கேட்டா அவனுக்கு ஒடம்பெல்லாம் எரியுதாம்" என்றேன். காளியப்பன் மிளகைத் துழாவிக்கொண்டே, "பன்னெண்டுலருந்து மூணுங்களா?" என்று ஒருதரத்துக்கு இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

"அவன் தூங்கறதுக்கு எம் மோட்டாரு வாயப் பொத்திட்டு இருக்கணுமாக்கும். நாளைக்கு மத்தியானம் தூங்கச் சொல்லுங்க பார்க்கலாம்."

நுகர்வோர் ஒத்துழைப்பு

மறுநாள் சரியாகப் பன்னிரண்டுக்கு மோட்டார் உறுமியது. வெள்ளையன் ஊட்டில் நான் மீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 264 என்று காட்டிக்கொண்டிருந்தது, மூச்சு வாங்கினவன் மாதிரி 249-க்கு வந்து உட்கார்ந்தது. ஸ்டெபிலைசர் பச்சை விளக்கைப் போட்டது. மெஷின் நிற்கவே இல்லை. அன்றைக்கு மட்டும் அல்ல, ஞாயிறு திங்கள் பார்க்காமல் தினமும் பன்னிரண்டுக்கு ஆரம்பித்து மூணுக்கு நின்றது. ஏற்காட்டு ஸ்கூல்களில் மணி அடிப்பவர்கள்கூட அவ்வளவு கறார் கிடையாது.

வெள்ளையன் கட்டிலில் இருந்தபடியே வேலிக்குக் கேட்கும்படி காளியப்பனைத் திட்டுவான். அவர் தொட்டியை, மோட்டாரை, மோட்டார் வாங்கின கடையை, எதையும் விடமாட்டான். அவன் சம்சாரம் கந்தம்மாள் மட்டும் நிம்மதியாக முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது. "திட்டறதுக்கு மூச்சுப் பத்துதுங்கண்ணா. அப்ப மெஷினு நல்லா ஓடுதுன்னுதான அர்த்தம்?" என்றது.

பத்து நாள் கழித்து நித்யா மேடம் கம்ப்யூட்டரில் தலைச்சோலை வோல்டேஜ் ஏறி இறங்கும் கோட்டைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பன்னிரண்டு மணிக்குக் கத்தி வைத்து வெட்டினது போல வோல்டேஜ் இறங்குகிறதே, என்ன செய்தீர்கள் என்றார். பலாமரத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டே ரிப்போர்ட்டை எடுத்தார்.

"'நுகர்வோர் ஒத்துழைப்பு'ன்னு எழுதிக்கறேன் ஐயா. மேல இருக்கறவங்களுக்குப் பலாமரம் சொன்னா புரியாது."

பட்டு வேட்டியோடு ஒரு சுவிட்சு

ஒரு புதன்கிழமை. மேகம் என்பது மருந்துக்கும் இல்லை. காலையில் கந்தம்மாள் போன் பண்ணியது. காளியப்பன் தங்கச்சி மகளுக்கு அடிவாரத்தில் கல்யாணம், ஊட்டைப் பூட்டிக்கொண்டு முந்தின நாளே இறங்கிவிட்டார்கள் என்றது. இன்னொன்றையும் சொன்னது. ராத்திரி மரம் சாய்ந்து லைன் போனதில் பேட்டரி பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டதாம். சிலிண்டர் நிரப்பப் போன ஜீப் இன்னும் மலை ஏறவில்லை. மணி பதினொன்று. நான் சப்ஸ்டேஷனில் இறக்கக்கூடிய படி எல்லாம் ஏற்கெனவே இறக்கியாயிற்று. மீட்டர் 258 என்றது.

முருகேசனை மீட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இடுப்பில் கட்டிங் பிளேயர். பூட்டை உடைத்து மோட்டாரைப் போட்டுவிடுவது, பிறகு காளியப்பன் காலில் விழுவது. அதற்கு மேல் எனக்குத் திட்டம் கிடையாது. வளைவுகளில் அந்த வண்டி என்னைப் பார்த்துப் பயந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வழியில் ஒரு காட்டெருமை ஓரமாக ஒதுங்கி வணக்கம் வைத்தது என்று வேறு சமயமாக இருந்தால் எழுதியிருப்பேன். அன்றைக்கு எதுவும் கண்ணில் படவில்லை.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மோட்டார் ரூமுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே காளியப்பன். பட்டு வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் சந்தனம், சட்டையில் பன்னீர் வாசனை. சுவிட்சில் கை. தட்டினார். மோட்டார் உறுமியது. என் இடுப்பில் இருந்த பிளேயரைப் பார்த்து, "பூட்டை ஒடைக்கறதுக்கு வந்தீங்களாக்கும்" என்றார். நான் பிளேயரைப் பின்பக்கம் தள்ளிச் சட்டையால் மூடினேன். தாலி ஏறினதும் அட்சதை போட்ட கையோடு, பந்தியில்கூட உட்காராமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். தொட்டியைப் பார்த்தேன். ஏற்கெனவே ரொம்பி, தண்ணீர் வழிந்து காபிச் செடிக்குள் போய்க்கொண்டிருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளையன் குரல், நடுவில் இரண்டு இடத்தில் நின்று, மூச்செடுத்து, முழுசாக வந்து சேர்ந்தது. "கல்யாணத்துக்குப் போனவன் மோட்டாரையும் கூட்டிட்டுப் போயிருந்தா அதுக்கும் ரெண்டு வடை கெடைச்சிருக்கும்ல." காளியப்பன் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். நான், "ஏனுங்க, ஒரு நாள் போடாட்டி என்ன? தொட்டிதான் ரொம்பி வழியுதே" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வெள்ளையன் மத்தியானத்துல தூங்கி இந்த ஊர்ல பார்த்த ஆளு கெடையாதுங்க. நீங்க வந்து சொன்ன அன்னைக்கே எனக்கு வெவரம் வெளங்கிடுச்சு. அவனுக்காகப் போடறேன்னு தெரிஞ்சா குழாயப் புடுங்கி எறிஞ்சுபுடுவான். அவனைக் கடுப்பேத்தப் போடறதாவே இருக்கட்டும். வெளிய சொல்லாம வாயை மட்டும் மூடிட்டு இருங்க, ஒங்களுக்கு அது நொம்பக் கஷ்டம்தான்."

ஆக, தலைச்சோலையில் வோல்டேஜை இன்றைய தேதிக்குக் கட்டி வைத்திருப்பது ஒரு ஏழரை எச்.பி. மோட்டாரும் ஒரு பதினோரு வருஷப் பகையும்தான். புதுக் கருவி வந்து சேரும் வரைக்கும் புண்ணியவான்கள் யாரும் சமாதானம் பேசுகிறேன் என்று அந்தப் பக்கம் போய்விட வேண்டாம்.